ஒரு '1' படுத்தும் பாடு!

44 ஓட்டு வாங்கியும் கோட்டாவைத் தொட முடியாமல் நின்றவர், இரண்டு ஓட்டுகள் செல்லாமல் போனதால் அதைத் தாண்டி ஜெயித்தார். 2017 ஆகஸ்ட்டில் குஜராத் ராஜ்யசபா தேர்தலில் நடந்த கதை இது. அவர் அகமது படேல்.

ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ-க்கள் பட்டன் அழுத்துவதில்லை. வாக்குச்சீட்டில் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் எழுத வேண்டும். ஒரு ஓட்டின் மதிப்பு 100. அன்று பதிவானவை 176 ஓட்டுகள், இடங்கள் மூன்று. 17,600-ஐ நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 4,401. இதுதான் ஜெயிக்கத் தேவையான கோட்டா. படேலுக்குக் கிடைத்ததோ 44 ஓட்டு, அதாவது 4,400. ஒரே ஒரு புள்ளி குறைவு!

ஆனால், காங்கிரஸ் எம்.எல்.ஏ-க்கள் இருவர் தங்கள் சீட்டைக் கட்சியின் ஏஜென்ட்டைத் தவிர மற்றவர்களும் பார்க்கும்படி காட்டிவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. எண்ணிக்கை நின்றது. வீடியோவைப் பார்த்த தேர்தல் ஆணையம், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் இரண்டையும் செல்லாது என்றது. மீதம் 174. கோட்டா 4,351-க்கு இறங்கியது. படேல் எம்.பி ஆனார்.

சரி, எதெல்லாம் செல்லாத ஓட்டு? 1 என்ற எண்ணே இல்லாவிட்டால் செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. ஒரே பெயருக்கு எதிரே 1-உம் 2-உம் எழுதினாலும், 1 யாருக்கு என்றே தெரியாமல் கோட்டின்மேல் எழுதினாலும் அதே கதிதான். கையெழுத்துப் போட்டால், அல்லது இன்னார் ஓட்டு என்று காட்டிக்கொடுக்கும் குறி எதையாவது இட்டால், அதுவும் போச்சு. 'ஒன்று' என்று எழுத்தால் எழுதவும் கூடாது. ஆனால் ரோமன் எண் ஓகே. தமிழ் எண்ணான '௧' கூடச் செல்லும்!

பலரும் குழம்புவது 2-ல்தான். அதைப் போடாமல் விட்டால் ஓட்டு செல்லாது என்பது தப்பு. 1 மட்டும் கட்டாயம், மற்றவை விருப்பம். 1 போட்டு, 2-ஐ விட்டுவிட்டு நேராக 3 போட்டால்கூட அந்த 1 செல்லும். ஓட்டு அடுத்தவருக்கு மாறும் கட்டம் வந்தால் மட்டும் அங்கேயே நின்றுவிடும்.

ஜனாதிபதி தேர்தலிலும் எண் போடும் விதிகள் கிட்டத்தட்ட இவையே. வாக்காளர்கள் எல்லோரும் எம்.பி-க்கள், எம்.எல்.ஏ-க்கள். ஓட்டுப் போடச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்பவர்கள். அப்படியும் 2017-ல் 77 ஓட்டுகள் செல்லாதவை. அதில் 21 எம்.பி-க்களுடையவை!

சில நேரம் எண் சரியாக இருந்தாலும் பேனா காலை வாரிவிடும். 2016-ல் ஹரியானா ராஜ்யசபா தேர்தலில் 14 ஓட்டுகள் தள்ளுபடியாயின. பெரும்பாலானவற்றுக்குக் காரணம், அதிகாரி கொடுத்த பேனாவின் மையில் எழுதப்படவில்லை என்பது. காங்கிரஸ் ஆதரவு பெற்ற ஆர்.கே.ஆனந்த் தோற்றார், சுபாஷ் சந்திரா ஜெயித்தார். பேனா மாறியது எப்படி என்று பெரிய சர்ச்சையே வெடித்தது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு வரிசை எண் போட்ட ஊதா மை பேனாக்களை ஆணையமே வழங்கியது. சொந்தப் பேனாவை வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.