மஞ்சப்பைக்குள் ஒரு குழாய்

பிளவக்கல் அணைக்குக் கீழே எங்கள் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல் இருக்கிறது. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வரப்பில் மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கடையிலிருந்து வருகிறார் போல என்று பையை வாங்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்தது மூத்திரப் பை. வேட்டிக்குள்ளிருந்து ஒரு குழாய் அதில் இறங்கியது.

"ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது தம்பி. நீயும் சொல்லிராத."

எழுபத்தொரு வயது. நாலைந்து வருஷமாகவே ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறார். 'வயசானா அப்படித்தான்' என்று பெரியம்மாவும் சொன்னார், ஊரும் சொன்னது, அவரே சொல்லிக்கொண்டார். கார்த்திகையில் ஒருநாள் நடுராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டது. வத்திராயிருப்புக்கு ஆட்டோ, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். குழாய் போட்டு வடித்தார்கள். ஸ்கேனில் புரோஸ்டேட் 55 கிராம். ஆபரேஷன்தான் என்றார்கள். ஆனால் அந்த ஆவணியில்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. இரத்தம் இளக்கும் மாத்திரையை ஒரு வருஷத்துக்கு நிறுத்தக்கூடாது. அதனால் காத்திருங்கள், மாதம் ஒருமுறை குழாயை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். "ஸ்டீம் ட்ரீட்மென்ட் இருக்கு சார். கத்தி கிடையாது, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்கள். சொன்ன தொகை பெரியப்பாவின் ஒரு வருஷ நெல் வருமானத்தைவிட அதிகம்.

அந்த மருத்துவமனையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் கோபம் வேறு. இந்த நீராவி வைத்தியம் இருக்கவேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். அதை ஏன் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறோம்?

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். புரோஸ்டேட் சுரப்பியின் நடுவே சிறுநீர்க் குழாய் போகிறது. சுரப்பி பெருத்தால் குழாய் நெருக்கப்படும், அணையின் மதகில் மண் சேர்ந்த மாதிரி. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்தப் பெருக்கம் உண்டு. எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு. எல்லோருக்கும் தொந்தரவு வராது. வந்தவர்களுக்கு முதலில் மாத்திரை. அது பலிக்காதபோது டி.யு.ஆர்.பி. என்கிற ஆபரேஷன்: உள்ளே கருவியை விட்டு மின்சாரத்தால் சுரண்டி எடுப்பது. நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முதுகுத்தண்டில் ஊசி போட மயக்க மருத்துவர் வேண்டும், இரத்தம் தயாராக இருக்கவேண்டும், இரண்டு மூன்று நாள் படுக்கை வேண்டும். செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்து பின்னோக்கிப் போய்விடும்.

சுரண்டாமல் சூட்டால் சுருக்கலாமே என்ற யோசனை பழையது. மைக்ரோவேவ் கருவிக்கும் ரேடியோ அலை ஊசிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1996இல் அனுமதி கொடுத்தது. 2000இல் மைக்ரோவேவால் சிலருக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டது என்று அதே எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பலனும் பலருக்கு நீடிக்கவில்லை. மறுபடி சிகிச்சைக்கு வந்தார்கள். இந்த இரண்டிலும் சூடு திசுவிலிருந்து திசுவுக்கு மெல்லக் கடத்தப்பட வேண்டும். எங்கே நிற்கும் என்பது சுலபமாகக் கைக்குள் வராது.

நீராவி வேறு மாதிரி. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கை சுட்டவர்களுக்குத் தெரியும், கொதிக்கிற தண்ணீரைவிட ஆவி பொல்லாதது. ஒரு கிராம் ஆவி தண்ணீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறது. ரெசூம் என்ற கருவி 103 டிகிரி ஆவியை ஒரு ஊசி வழியாக ஒன்பது விநாடி செலுத்துகிறது. ஆவி செல்களின் இடைவெளிகளில் பரவி, சுரப்பிக்குள் இருக்கும் தடுப்புகளில் நின்றுவிடுகிறது. செத்த திசுவை உடம்பே சில வாரங்களில் கரைத்துக்கொள்கிறது. 2015இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. 197 பேரை வைத்து நடந்த சோதனையில், ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. பதினோரு பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

இதற்கு என்ன வேண்டும்? ஒரு சிறுநீரியல் மருத்துவர், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, சில நிமிஷங்கள். இரத்தக் கசிவு குறைவு என்பதால் பெரியப்பா மாதிரி இதய நோயாளிகளுக்கும் யோசிக்கலாம். ஆளும் படுக்கையும் குறைவாக இருக்கும் சின்ன ஊருக்கென்றே செய்த மாதிரியான வைத்தியம். எல்லா வசதியும் இருக்கிற இடத்தில் அது சொகுசுப் பொருளாகிக் கிடக்கிறது.

விலை ஏன் அப்படி? கைப்பிடிக் கருவியை ஒரு நோயாளிக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். பிரிண்டரைக் குறைத்துக் கொடுத்து கார்ட்ரிட்ஜில் காசு பார்க்கிற கணக்கு. மென்பொருளில் இருக்கிறவனுக்கு இந்த வியாபாரம் நன்றாகத் தெரியும், நாங்களும் அதைத்தான் செய்கிறோம். உள்ளே போவது சில சொட்டுத் தண்ணீர்.

பொதுச் சுகாதாரத்தில் வேலை செய்யும் நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "டி.யு.ஆர்.பி. காப்பீட்டு அட்டையிலேயே வருது. ஏழைக்கு அது போதும். கம்பெனிக்காரன் கருவிக்கு நீ ஏன் வக்காலத்து?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சோதனைக்குப் பணம் போட்டது கம்பெனிதான். சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 80 கிராம் வரை உள்ளவர்கள். மிகப் பெரிய சுரப்பிக்கு இது சரிவராது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை சில நாள் குழாயும் உண்டு. சிறுநீர் ஓட்டத்தைத் திறந்துவிடுவதில் டி.யு.ஆர்.பி.தான் வலுவானது. எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஏழைக்கு அது போதும்' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காத ஏழைக்கு அட்டையில் என்ன இருக்கிறது? மஞ்சப்பைதான்.

இதே மதுரையில் இந்த வாதம் ஒருமுறை தோற்றிருக்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்குத் தடித்த கண்ணாடி போதும் என்றுதான் அன்றும் சொன்னார்கள். 1992இல் அரோலேப் ஆரம்பித்து அந்த லென்ஸை இங்கேயே, விலையில் சிறு பங்குக்குச் செய்து காட்டினார்கள். லென்ஸால் முடிந்தது ஒரு ஊசிக்கும் கொஞ்சம் ஆவிக்கும் முடியாதா? காப்புரிமைச் சிக்கல் இருக்கும். பேரம் பேச அரசாங்கம் இருக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று, குறைந்தபட்சம் ஆபரேஷன் செய்யமுடியாதவர்களுக்காகவாவது, உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.

கருவி வருவதற்கு முன்னால் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அதற்குக் காசே வேண்டாம். கண்புரை முகாமுக்கு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகக் கூப்பிடுகிறோம். மூத்திரத்துக்கு யார் கூப்பிடுகிறார்கள்? 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு வருகிறது. பெரியப்பாவுக்கு பி.பி. பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள். "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. ஏழே கேள்விகளில் இந்தத் தொந்தரவை அளக்கும் படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதைக் கேட்டிருந்தால் அவருக்கு ஒருவேளை மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கும்.

ஆவணி முடிந்து ஒரு அரசு மருத்துவமனையில் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "ஒம்போது மாசம் சுமந்துட்டேன் தம்பி" என்று சிரித்தார். அந்த மஞ்சப்பையைத் துவைத்து இப்போது தேங்காய் வாங்கி வருகிறார். பெரியம்மா அதைத் தொடுவதில்லை.

போன வாரம் போனில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதுத்த வீட்டு அண்ணாச்சிக்கும் இருக்கும்னு நினைக்கேன். ராத்திரி நாலஞ்சு தடவை லைட்டு எரியுது. எப்படிப் போய்க் கேக்கன்னுதான் தெரியல."