மூன்று சக்கர வண்டிக்கு ஒரு யந்திரம்

மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் சைட்கார் வண்டிகள் ஒரு தனி இனம். பார்க்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஓட்டுபவர் அல்ல. ஒரு வளைவில் தரையை உரசும்படி வெளியே தொங்கியும், மறு வளைவில் பின்சக்கரத்தின்மேல் கவிழ்ந்து படுத்தும், தம் உடம்பையே எடைக்கல்லாக்கி வண்டியைக் கவிழாமல் காக்கும் அவருடைய சகாதான். 1949இல் இந்த வகைக்கு உலகப் பட்டம் ஏற்பட்டபோது, எரிக் ஆலிவரின் நார்ட்டன் வண்டியில் இப்படித் தொங்கி முதல் பட்டத்தில் பங்கு பெற்றவர் டெனிஸ் ஜென்கின்ஸன் என்ற பத்திரிகை எழுத்தாளர்; பிற்பாடு 1955இல் இத்தாலியின் மில்லே மில்யா கார்ப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் வென்றபோது பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னவரும் அவரேதான். எழுத்தாளர்களிலும் அத்தகைய தைரியசாலிகள் உண்டு என்பதில் எனக்குச் சற்றே கர்வம் என்றாலும், இந்த வாரம் நான் எழுத எண்ணியது அந்தச் சாகசத்தைப் பற்றியன்று. இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடும் யந்திரத்தைப் பற்றி.

பந்தய யந்திரம் என்றதும் நாம் உடனே கேட்பது, எத்தனை குதிரைசக்தி என்பதைத்தான். சைட்காருக்கு யந்திரம் அமைப்பவரோ முதலில் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படுகிறார். இருசக்கர வண்டி வளைவில் தானும் சாய்கிறது. ஆகையால் அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் எப்போதும்போல் அடியிலேயே தங்குகிறது. சைட்கார் சாய்வதில்லை. அது நிமிர்ந்தபடியே வளைவைச் சுற்றுவதால், எண்ணெய் முழுவதும் வெளிப்புறச் சுவரில் போய் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாயின் வாயில் எண்ணெய்க்குப் பதில் காற்றுப் புகுகிறது. நீண்டதொரு வளைவில் சில விநாடிகள் இந்நிலை நீடித்தால் போதும். கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் வறண்டு, சூடேறி, இறுகிப்போகும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளைப் பொருத்துவதும், உறிஞ்சு குழாயின் ஸ்தானத்தை மாற்றுவதும் இதன் பொருட்டே. கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள பெட்ரோலுக்கும் இதே கதிதான். அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், வளைவை விட்டு வெளியேறி வேகம் எடுக்க வேண்டிய அந்தத் தருணத்திலேயே யந்திரம் திக்கித் திணறும்.

இந்த லட்சணங்களையெல்லாம் சிந்தித்தால், ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. யந்திரம் இத்துறையில் ஏன் சக்கரவர்த்தியாக விளங்கிற்று என்பது விளங்கும். அதன் இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாகப் படுத்திருப்பவை. இருசக்கர வண்டியில் இது ஒரு குறை. மிகவும் சாய்ந்தால் சிலிண்டர் தரையில் இடிக்கும். சாயாத சைட்காரிலோ அதுவே குணமாகிவிட்டது: பாரம் முழுவதும் தாழ்வாக அமைந்தது, சிலிண்டர்கள் இரண்டும் காற்றில் நன்றாகக் குளிர்ந்தன, சங்கிலிக்குப் பதில் தண்டின் வழியாகச் சக்தி பின்சக்கரத்துக்குப் போனதால், சங்கிலி நீளுமோ அறுந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. 1954 முதல் 1974 வரையிலான 21 ஆண்டுகளில் 19 ஆண்டுகள் உலகப் பட்டம் அந்த யந்திரத்தின் வழியில் வந்தவற்றுக்கே கிடைத்தது.

அத்தகைய சக்கரவர்த்திகளும் ஒருநாள் தோற்றதுண்டு. 1962இல் மான் தீவின் மலைப்பாதையில், ஒரு சுற்றே 60 கிலோமீட்டருக்குக் குறையாத அந்தக் கடும் பந்தயத்தில், கிறிஸ் வின்ஸென்ட் என்ற ஆங்கிலேயர் பி.எஸ்.ஏ. யந்திரம் பூட்டிய வண்டியுடன் வந்தார். தள்ளுகம்பிகளால் வால்வுகளைத் திறக்கும், சாதாரணத் தெரு வண்டியின் வம்சத்தில் பிறந்த யந்திரம் அது. முன்னணியில் சென்ற பி.எம்.டபிள்யூ. வீரர்களில் காமதியாஸ் விபத்துக்குள்ளானார், டொய்பலின் யந்திரம் பழுதாகி நின்றது, வின்ஸென்ட் ஜெயித்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டிய வேளையில் அவருடைய யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஓடிக்கொண்டிருப்பதற்கான உபாயங்கள் பட்டறை மேஜையில்தான் பிறக்கின்றன. அழுத்தத்தைக் கூட்ட உயரமான பிஸ்டனையும், வால்வை அதிகம் திறக்க உயர்ந்த கேமையும் பொருத்திவிட்டால், இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. இதைச் சோதிக்கக் குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணே போதும். பிஸ்டனின் தலையில் அதை அப்பி, சிலிண்டர் தலையை மூடித் திருகி, கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுக்கள் மெதுவாகத் திருப்பிவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தால், வால்வின் விளிம்பு களிமண்ணில் பிறை வடிவாகப் பதிந்திருக்கும். அதைக் கத்தியால் குறுக்கே அறுத்து, மிக மெலிந்த இடத்தின் கனத்தை அளக்கிறார்கள். ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் மனம் நிம்மதியடையும். புகை வெளியேறும் வால்வு வெப்பத்தில் நீளுமாதலால் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுவார்கள். குறைந்தால் பிஸ்டனின் தலையைச் செதுக்க வேண்டும். பிறகு மறுபடியும் களிமண், மறுபடியும் அளவு. சிரத்தை என்ற குணத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

அந்தச் சிரத்தையின் சிகரமாக நான் மதிப்பவர் ஹெல்முட் ஃபாத். 1960இல் பி.எம்.டபிள்யூ. யந்திரத்தைக் கொண்டே உலகப் பட்டம் வென்ற அந்த ஜெர்மானியர், மறு ஆண்டே நூர்பர்க்ரிங் விபத்தில் தம் சகா ஆல்ஃபிரட் வோல்கெமுட்டைப் பறிகொடுத்து, தாமும் பலத்த காயமடைந்தார். அதோடு பந்தயத்துக்கு முழுக்குப் போட்டிருந்தால் உலகம் அவரைக் குறை சொல்லியிராது. அவரோ பீட்டர் கூன் என்ற பொறியியலாளரின் துணையுடன், நான்கு சிலிண்டர்கள் கொண்ட 500 சி.சி. யந்திரம் ஒன்றைத் தாமே சிருஷ்டிக்கத் துணிந்தார். 500 சி.சி. என்ற எல்லையை மீற முடியாத நிர்ப்பந்தத்தில் சக்தியைப் பெருக்க வேண்டுமானால் சுழற்சியைப் பெருக்க வேண்டும். சுழற்சி பெருக வேண்டுமானால் பிஸ்டன்கள் சிறியனவாகவும் அவற்றின் ஓட்டம் குறுகியதாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர் பிடித்த சூட்சுமம். தாம் வாழ்ந்த உர்ஸென்பாக் கிராமத்தின் பெயரைச் சுருக்கி அதற்கு உர்ஸ் என்று பெயரிட்டார். 1968இல் அதே யந்திரத்தைத் தாமே ஓட்டி உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார். 1971இல் ஹார்ஸ்ட் ஓவெஸ்லே பட்டம் பெற்றதும் அந்த உர்ஸ் யந்திரத்தின் பலத்தினால்தான். முன்பு சொன்ன 21 ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ. இழந்த இரண்டு பட்டங்களும் இவையே. இரண்டையும் பறித்தது ஒரு கிராமத்துப் பட்டறையில் உருவான யந்திரம்.

பழைய வண்டிகளுக்கென்றே நடக்கும் பந்தயங்களில் இன்றும் நார்ட்டன், பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃப் யந்திரங்களைச் சைட்காரில் பூட்டி ஓட்டுகிற அன்பர்கள் உண்டு. அவர்களுக்கும், பழைய யந்திரம் எதையேனும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாசகர்களுக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். குதிரைசக்தியைக் கூட்டுகிற சாமான்களை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அவற்றை வாங்குமுன், கடைசி வளைவிலும் பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேருமா என்பதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.