கறிவேப்பிலையைத் தின்பது யார்?

மஸ்ஜித் இந்தியா அஞ்சடியில் புடவையையும் பூமாலையையும் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கடைகளுக்கு மேலுள்ள வீடுகளின் வராந்தாவில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், எங்காவது ஒரு தொட்டியில் கறிவேப்பிலை நிற்கும். அதைத் தேடி மூன்றாவது மாடிக்கும் ஒரு விருந்தாளி வந்துவிடும்.

போன வாரம் அப்படி ஒரு வீட்டில், அக்கா ஒருவர் கரப்பான் ஸ்ப்ரேயோடு நின்றார். "ரெண்டே நாள்ல பாதிச் செடி காலி தம்பி!"

"கொஞ்சம் பொறுங்கக்கா, யாருன்னு பார்த்துடுவோம்" என்றேன்.

இலைமேல் பறவை எச்சம் போல் ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் குட்டிப் புழு. பறவையை ஏமாற்ற அந்த வேஷம். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது பச்சையாகி, இலையோடு இலையாகிவிடும். முன்பக்கத்தில் கண் போல இரண்டு பொட்டுகள் தெரியும். பெரிய புழுவைக் குச்சியால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குபோல் சிவப்புக் கொம்பு நீண்டது. கூடவே ஒரு வாடை. பயமுறுத்துவது அவ்வளவுதான். கடிக்காது, அரிக்காது. அக்காவின் மகள் கைதட்டிச் சிரித்தாள். ஸ்ப்ரே உள்ளே போய்விட்டது.

இந்தப் புழு வளர்ந்தால் வண்ணத்துப்பூச்சி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையும் பின்சிறகில் வாலும் இருந்தால் அது 'கறிவேப்பிலை அழகி'. வாலில்லாமல், கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் இருந்தால் 'எலுமிச்சை அழகி'. இரண்டுமே எலுமிச்சைக் குடும்பச் செடிகளில் முட்டையிடுபவை. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான்.

எல்லாப் பூச்சியும் இப்படிச் சாது அல்ல. கொழுந்து சுருண்டு, வெள்ளை மெழுகு நூல் தெரிந்தால், அது சாறு உறிஞ்சும் சிலிட் பூச்சி. வளர்ந்தது 3, 4 மில்லிமீட்டர்தான். பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாக்க நோயைப் பரப்புவது இதுதான். சுருண்ட கொழுந்தைக் கிள்ளிக் கட்டி எறியுங்கள். பக்கத்து வீட்டு எலுமிச்சையும் பிழைக்கும்.

புழுவுக்கு மருந்தே வேண்டாம். நன்றாக வேர்பிடித்த செடி மீண்டும் துளிர்க்கும். சின்னச் செடி என்றால் புழுவை இலையோடு பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள்.

கரப்பானுக்கு அடிக்கும் மருந்தைக் கறிவேப்பிலைக்கு அடித்தால், அந்த இலை நாளைக்கு நம் ரசத்தில்தான் மிதக்கும். அதனால் முதலில் கூர்ந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.