நடிகன் சிரிப்பும் நம் செவியும்

துக்கத்திற்கு அடையாளம் கண்ணீர் என்றும், ஸந்தோஷத்திற்கு அடையாளம் சிரிப்பு என்றும் உலகத்தார் கொண்டிருக்கின்றனர். பெரும்பாலும் இது உண்மையே. ஆயினும், அழவேண்டிய இடத்தில் சிரித்துவிடும் மனிதரும் உண்டு. அச்சிரிப்பின் பொருள் விளங்காமையால் அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதியும் உண்டு. அதைக் கேட்டறிய நம் செவியைப் பழக்குபவன் நல்ல நடிகன் என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயம்.

நாம் வக்கீல் தொழில் நடத்திவந்த காலத்தில், மாகறலைச் சேர்ந்த பட்டு நெசவாளி ஒருவர் நமது கட்சிக்காரராக இருந்தார். கடன் வியாஜ்யம். தறி போட்டிருந்த வீடு ஏலத்துக்கு வரும் என்ற உத்தரவு படிக்கப்பட்டதும், அவர் வாய்விட்டுச் சிரித்தார். சேவகன் அதட்டினான், நியாயாதிபதி முகம் சுளித்தார். நாமும் வெட்கிப்போய், வெளியே வந்ததும், கோர்ட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று கடிந்துகொண்டோம். அவர் நம்மைத் திகைத்துப் பார்த்து, "நான் சிரிச்சேனுங்களா, ஐயா?" என்று கேட்டார். தாம் சிரித்ததே அவருக்குத் தெரியவில்லை. அன்று அந்த மனிதரின் வேதனையை அறியத் தவறியவர்களில் முதல்வர், அவருக்காகப் பேச வேண்டிய வக்கீலாகிய நாமேதான்.

மாகறல், காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருப்பது. ஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். அதைச் சூழ்ந்த பிரதேசம் கட்டைக்கூத்து வேரூன்றிய பூமி. பல வருஷங்களுக்குப் பின், அப்பக்கத்துக் கிராமமொன்றில் பதினெட்டாம் போர் கூத்தைப் பார்க்க நேர்ந்தது. விடியற்காலம்; முகவீணை ஓய்ந்திருந்தது. தம்பியர் யாவரையும் இழந்த துரியோதனன், மரக்கட்டையால் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் துலங்கத் தனியே நின்று சிரித்தான். முதல் ராத்திரியில் கொலுவிருந்தபோது சிரித்த அதே சிரிப்பு. ஆனால் இம்முறை மூச்சு நடுவில் அறுந்தது. அறுந்ததை மறைக்க மீண்டும் சிரித்தான். அதுவரை கட்டியக்காரனின் பேச்சுக்கு உருண்டு சிரித்த ஜனங்களில் ஒருவர்கூட அப்போது சிரிக்கவில்லை. நமக்கோ அந்த நெசவாளியின் முகம் நினைவுக்கு வந்தது. கோர்ட்டில் நமக்கு விளங்காதது, ஒரு கூத்தாடியின் தொண்டையிலிருந்து விளங்கிற்று.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கி நகையை முதலிலும், அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். நகை பிறப்பதற்கு அவர் கூறிய காரணங்கள் நான்கு. அவற்றுள் துயரம் இல்லை. இடுக்கண் வந்தபோது நகுக என்றார் வள்ளுவர். ஆனால் அது துன்பத்தை வென்றவனின் நகை. நாம் பேசுவதோ துன்பத்தால் வெல்லப்பட்டவனின் நகை. இலக்கணத்தில் தனியிடம் பெறாத இதனை, மேடையில் நடிகன்தான் நமக்குக் காட்டவேண்டியவனாகிறான்.

அவன் அதை எவ்வாறு காட்டுகிறான்? துஷேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1862-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உள்ளம் மகிழ்ந்து சிரிப்பவனுக்கு வாயோடு கண்ணைச் சுற்றிய தசையும் அசைகிறது என்றும், அத்தசையை நினைத்தவுடன் அசைப்பது எளிதன்று என்றும் கூறினார். வாய் சிரிக்கக் கண் சிரியாதிருப்பதை நாம் கணத்தில் கண்டுகொள்கிறோம். காரணம் சொல்லத்தான் தெரியாது. வல்ல நடிகன் இதை அறிந்து, வாயை ஒருபுறமும் கண்ணை மற்றொருபுறமும் நடத்துகிறான். சிரிப்பை ஒரு கணம் தாமதித்துத் தொடங்குகிறான், வேண்டியதற்கு மேல் நீட்டுகிறான், திடீரென நிறுத்துகிறான். நிறுத்தியபின் வரும் மௌனத்தில்தான் பாத்திரத்தின் வேதனை வெளிப்படுகிறது.

தமிழ்த் திரையில் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம் எம். ஆர். ராதா. மேடையில் பெயர்பெற்ற 'ரத்தக்கண்ணீர்', திருவாரூர் தங்கராசுவின் எழுத்திலும் கிருஷ்ணன்-பஞ்சுவின் டைரக்ஷனிலும் 1954-ல் சினிமாவாக வந்தது. மேல்நாட்டுப் படிப்பின் மமதையில் தாயையும் மனைவியையும் துச்சமாக மதித்த மோகனசுந்தரம், காந்தா என்பவளிடம் பொருளையெல்லாம் இழந்து, குஷ்டம் பற்றித் தெருவில் நிற்கிறான். கதையின் முற்பாதியில் அவன் சிரிப்பு பிறரைக் கிழிக்கும் ஆயுதம். பிற்பாதியிலும் ராதா அச்சிரிப்பை விட்டுவிடவில்லை. கரகரத்த குரலையும் மாற்றவில்லை. கத்தியை மட்டும் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார். கொட்டகையில் ஜனங்கள் முதலில் சிரிக்கின்றனர். பிறகு, தாம் எதைக் கண்டு சிரித்தோம் என்று உணர்ந்து அடங்குகின்றனர். பிச்சைக்காரனின் அழுகையை நாம் தினமும் கேட்டுக் கடந்து போகிறோம். அவனுடைய சிரிப்பை அவ்வாறு கடந்துபோக முடியவில்லை.

அப்படத்தின் உபதேசத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குஷ்டரோகம் துர்நடத்தைக்குக் கிடைத்த தண்டனை என்னும் கருத்து பொய். அது கிருமியால் வருவதென்று நார்வே தேசத்து ஹான்ஸன் 1873-லேயே கண்டார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாகிறது. கதை அந்த நோயாளியைப் பாவியாக்கிற்று. ராதாவின் சிரிப்போ அவனை மனிதனாகவே வைத்திருந்தது. கதாசிரியனின் தீர்ப்பையும் மீறிப் பாத்திரத்துக்காக வாதாடவல்லது நடிகனின் கலை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

நிற்க. 2019-ல் வெளிவந்த 'ஜோக்கர்' என்னும் அமெரிக்கப் படத்தில் வாக்கீன் பீனிக்ஸ் என்னும் நடிகர் ஏற்ற பாத்திரத்துக்கு, தன் வசமின்றிச் சிரிப்பு பீறிடும் வியாதி. தான் சிரிப்பதற்குக் காரணம் நோயே என்று அச்சிட்ட சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறான். பீனிக்ஸின் சிரிப்பு இருமலைப்போல் தொண்டையை அடைக்கிறது; கண்களோ மன்னிப்புக் கேட்கின்றன. 2020-ல் அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. இவ்வியாதி கற்பனையன்று. மூளையில் அடிபட்டவர், பக்கவாதம் கண்டவர் முதலியோரில் சிலருக்கு உள்ளத்தோடு ஒவ்வாத சிரிப்பும் அழுகையும் அடக்கமுடியாமல் வருவதை வைத்தியர் அறிவர். ஆனால் சீட்டைக் காட்டினால்தான் நம்புவோம் என்று நிற்கும் சமூகத்தை என்னென்பது!

நம் நாட்டிலோ நிலைமை இதனினும் வருந்தத்தக்கது. சித்தப்பிரமை கொண்டவரைத் திரையில் காட்ட நம் பட முதலாளிகள் கையாளும் சுலப வழி, தலையைக் கலைத்துவிட்டு உரக்கச் சிரிக்கச் செய்வது. அதில் வேதனை இல்லை, வேடிக்கைதான் உண்டு. கொட்டகையில் இவ்வாறு பழகிய செவி, தெருவிலும் அவ்வாறே கேட்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். ஓடுவதற்கு அவர்களுக்குக் கால் இருந்தது. நம்முடைய சங்கிலி விடவில்லை. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. நல்லதே. ஆயினும் சட்டத்தால் காலின் விலங்கை அகற்றலாமேயன்றி, பார்ப்பவன் மனத்திலுள்ள ஏளனத்தை அகற்ற இயலாது. அதற்குக் கலையின் உதவி வேண்டும். இந்த ஒரு படமோ அந்த ஒரு நடிகனோ அத்தீயை மூட்டியதாக நாம் கூறவில்லை. பிறர் துயரத்தை வேடிக்கையாகக் கேட்கும் வழக்கம், துயரப்படுவோரைக் கட்டிப்போடும் வழக்கத்துக்குத் துணைபோகிறது என்றே கூறுகிறோம்.

தேசத்தில் எத்தனையோ பெரிய விவகாரங்கள் இருக்க, நடிகன் சிரிப்பைப் பற்றி ஒரு தலையங்கமா என்று நமது தொண்டர்களில் சிலர் கேட்கலாம். ஜனங்களுக்காகப் போராடுகிறோம் என்பவர்கள் முதலில் ஜனங்களின் குரலை அறியவேண்டும். கடன்பட்டவன் எப்போதும் அழுதுகொண்டே வருவதில்லை. சில வேளை சிரித்துக்கொண்டு வருகிறான். அவனுக்குக் குறையில்லை என்று மனுவைத் திருப்பிவிடுவீர்களா?

ஆகவே, நாம் வேண்டுவன சில. காஞ்சீபுரத்தில் 1990-ல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்திச் சிறுவர் சிறுமியருக்குக் கூத்தும் பள்ளிப்படிப்பும் சேர்த்துக் கற்பித்தது. அத்தகைய பயிற்சிக்கூடங்களுக்குச் சர்க்காரும் தனவந்தரும் ஆதரவளிக்க வேண்டும். விடியுமளவும் நின்று சிரிக்கவும், மூச்சறுத்துக் காட்டவும் வல்ல தொண்டை ஒரு நாளில் உண்டாவதன்று. பட முதலாளிகள் நோயாளியின் சிரிப்பை நையாண்டிக்குப் பயன்படுத்துவதை விடவேண்டும். ரஸிகர்களோ, நடிகன் சிரிக்கும்போது தாமும் சிரிக்கவேண்டுமென்னும் அவசரத்தைச் சற்றே அடக்கி, அவன் கண்ணைப் பார்க்கவேண்டும்.

அந்த நெசவாளிக்கு நாம் அப்பீலில் அவகாசம் வாங்கிக் கொடுத்தோம். பின்னர் அவர் கடன் தீர்ந்து வீடும் மிஞ்சிற்று. ஆனால் அன்று கடிந்துகொண்டதற்காக அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் உயிரோடு இல்லை. வாசகர்கள் அவ்வளவு காலம் தாழ்த்தமாட்டார்களென்று நம்புகிறோம்.