கூன்வண்டுக்கு நம் பள்ளிகளில் இடம் வேண்டும்

செம்பனையில் காய் பிடிக்க வைப்பதும் ஒரு காலத்தில் கூலி வேலையாகத்தான் இருந்தது. ஆண் பூவிலிருந்து உதிர்த்த மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய், பெண் பூங்குலை விரிந்திருக்கிறதா என்று மட்டைகளுக்கு இடையில் எட்டிப் பார்த்து ஊதிவிட வேண்டும். பூ விரிந்து நிற்பது இரண்டு மூன்று நாள்தான். அதனால் இன்று பார்த்த மரத்தையே நாளை மறுநாள் மறுபடியும் பார்க்க வேண்டும். மட்டை முள் கையைக் கிழிக்கும். தோட்டத்துப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்த வேலை இது.

1981இல் அந்த வேலையை எள்ளளவு இருக்கும் ஒரு பழுப்பு நிற வண்டு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் யாரும் மகரந்தம் ஊதுவதில்லை, ஆனாலும் குலை நிறையக் காய்க்கிறது. சபாவிலும் கேமரூனிலும் தோட்டம் பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற துரைக்கு இந்த வேறுபாடு உறுத்தியது. பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையது கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, அங்கே காய் பிடிக்க வைப்பது காற்றல்ல, கூன்வண்டுதான் என்று கண்டறிந்தார். மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்த பிறகே வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அதைப் பறக்கவிட்டார்கள். சிறிது காலத்தில் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. மகரந்தம் ஊதும் வேலையும் அத்தோடு நின்றது.

அந்த வண்டு வேலை செய்யும் விதத்தைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. மலாக்காவில் ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ ஒரு செம்பனைக் காட்டில், ஆண் பூ விரிந்திருக்கும் மரத்தடியில் நின்றால் போதும். கமகமவென்று சோம்பு வாசம் வரும். நம் வீட்டுக் கறியில் போடும் சோம்பின் வாசமேதான். அதை மோந்து வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கும், பூவைத் தின்னும், வாடிய பூவில் முட்டையிடும். பெண் பூவும் அதே வாசத்தை அவ்வப்போது லேசாக விட்டுக் கூப்பிடும். உடம்பெல்லாம் மகரந்தத் தூளோடு போன வண்டு அங்கே தின்ன ஒன்றும் இல்லாமல் திரும்பும். திரும்பும்போது தூளை விட்டுவிட்டு வரும். இன்று லாரியில் ஏறிப்போகும் குலைகளில் காய் நிறைந்திருப்பது இந்த ஏமாற்றத்தால்தான்.

இந்த வண்டின் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? செம்பனைக் காட்டை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிவதில்லை என்பதே நமது வருத்தம். ஆயர் குரோவில் காசு கொடுத்து வண்ணத்துப்பூச்சி பார்க்கப் பேருந்து ஏற்றி அழைத்துப் போகிறோம். நல்லதுதான். ஆனால் வீட்டு வாசலில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்று இருந்தால் செருப்பால் நசுக்குகிறோம். அந்தப் புழுவை விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு நீட்டி, ஒரு நாற்றத்தை விட்டு மிரட்டும். சில இலைகளைத் தின்றுவிட்டு, கூட்டுப்புழுவாகத் தொங்கி, கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும். ஆயர் குரோவில் நாம் பார்ப்பதும் இதன் சொந்தக்காரர்களைத்தான்.

நம் மக்களின் பயத்துக்கும் அருவருப்புக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து, பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்ததிலிருந்து, மலாக்காவில் தமிழன் அறிந்த பூச்சி என்றால் அட்டை, பூரான், தேள், கொசு. பால்மரத்தில் பால் வடியப் பூவும் வேண்டாம், காயும் வேண்டாம். எனவே நன்மை செய்யும் பூச்சி ஒன்றைக் கித்தாக் காட்டில் நாம் சந்திக்கவே இல்லை. சந்தித்தது மலேரியாவை. லயங்களில் அதற்குப் பலியானவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கதையிலும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மலாயாவின் குன்றுப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் மாகுலாட்டஸ் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காடு நிழலாக மூடியிருந்தவரை அதற்கு இடமில்லை. தோட்டம் போடக் காட்டை வெட்டினார்கள், ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. டாக்டர் மால்கம் வாட்சன் போன்றவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். நம் பாட்டன்மார் செத்ததற்குக் கொசுவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது.

இன்று டெங்கிக் கொசுவை ஒழிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் புகை அடித்தால் தீர்ந்தது என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதை ஏற்க முடியாது. அந்தப் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். பூச்சட்டித் தட்டில் உள்ள புழு அப்படியே நெளிந்துகொண்டிருக்கும். கொசுவைப் பிடித்துத் தின்னும் தட்டானும் சிலந்தியும்தான் புகையில் கூடவே அடிபடும். கொசு இனத்திலேயே ஒன்று உண்டு, சாதாரணக் கொசுவைவிடப் பல மடங்கு பெரியது, வளைந்த மூக்கோடு பளபளப்பாக இருக்கும். பார்த்தவர்கள் அலறுவார்கள். அது இரத்தமே குடிக்காது, பூந்தேன்தான் அதன் ஆகாரம். அதன் புழுவோ மற்றக் கொசுப் புழுக்களைத் தின்று வளர்கிறது. நாம் முதலில் அடிப்பது அதைத்தான்.

தோட்டத்திலும் இதே கதைதான். 1950களிலும் 60களிலும் செம்பனைக்குக் கண்டபடி மருந்தடித்தபோது, இலையில் கூடு தைத்துத் தொங்கும் பைப்புழு குறையவில்லை, பெருகியது. கூட்டுக்குள் இருந்த புழு தப்பித்தது, அதன்மேல் முட்டையிட்டு அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகள் செத்தன. பிரையன் வுட் 1968இல் வெளியிட்ட செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூலுக்குப் பின்னால் இந்த அனுபவம் உண்டு. செம்பனைக் காட்டுச் சாலையோரம் காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் டர்னெரா பூச்செடியை வரிசையாக நடுவது அழகுக்கு அல்ல. அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான். புல் வெட்டும் குத்தகைக்காரர் அதையும் சேர்த்து மழித்துவிடும்போது தண்டல் தடுக்க வேண்டும், நிர்வாகம் கேட்க வேண்டும்.

மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நிலை பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் சுமந்த மருந்துகளில் ஒன்றான பாரக்குவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதிதான் தடைசெய்யப்பட்டது. குளவி போன்ற இயற்கை எதிரிகள் காக்கும் ஒவ்வொரு ஏக்கரும் நம் பெண் ஒருத்தி பூச்சிமருந்து சுமக்காத ஏக்கர். ஆகவே பூச்சியைக் காப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு, நம் பிரச்சினைகளுக்கு நடுவில் இது எதற்கு என்று கேட்பவர்களோடு நாம் முற்றாக முரண்படுகிறோம்.

வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்று கலைக்காமல் விட்டவர்கள் நம் பாட்டிமார். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையும் குளவியாக்கும் என்று நம்பினார்கள். அது உண்மையல்ல, கூட்டில் அடைத்த புழு குளவிக்குஞ்சின் சாப்பாடு. நம்பிக்கை தவறு, ஆனால் கூட்டைக் கலைக்காத கை சரியான கை. மரத்தில் கட்டும் கடுங்குளவிக் கூடு வேறு. பள்ளிப் பக்கம், வீட்டுப் பக்கம் இருந்தால் தீ வைக்கப் போகாமல் பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள். உயிர் போகும் விஷயம் அது.

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் நாம் கேட்பது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை, நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது செம்பனைக் காட்டுக்குக் கூட்டிப்போங்கள். கைக்கெட்டும் உயரத்தில் ஆண் பூ விரிந்த இளமரம் ஒன்றைத் தண்டலிடம் கேட்டால் காட்டுவார். அடியில் வெள்ளைத் துணி விரித்துப் பூவைத் தட்டினால் வண்டு உதிரும். முன்பு மகரந்தம் ஊதிய பாட்டி யாராவது ஊரில் இருந்தால் அவரையும் அழைத்து வந்து பேச வையுங்கள். செலவு ஒரு பூதக்கண்ணாடியும், தோட்ட நிர்வாகத்துக்குத் தலைமையாசிரியர் எழுதும் ஒரு கடிதமும்.