பட்டாவில் இல்லாத பெயர்

நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை 2015 செப்டம்பரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193-ம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. 2030-க்குள் அவற்றை எட்டிவிட வேண்டும் என்பது உறுதிமொழி. அவற்றில் ஐந்தாவது இலக்கு ஆண் - பெண் சமத்துவம். கெடு நெருங்கிக் கொண்டிருக்கும் நிலையில், அந்த இலக்கின் ஒரே ஒரு பிரிவையாவது தில்லி நேர்மையுடன் எடுத்துப் பார்ப்பது நல்லது. நிலத்தின் மீது பெண்களுக்குச் சம உரிமை என்கிற பிரிவுதான் அது.

இந்த வாசகம் அரசுகள் மனமுவந்து அளித்த கொடை அல்ல. பெண்கள் அமைப்புகள் முப்பது ஆண்டுகளாக மாநாடு மாநாடாகப் போராடிப் பெற்றது. 1984-ல் பொருளாதார அறிஞர் தேவகி ஜெயின் பெங்களூரில் கூட்டிய கூட்டத்திலிருந்து "டான்' என்கிற வளரும் நாடுகளின் பெண்கள் அமைப்பு உருவானது. வளர்ச்சித் திட்டங்களின் சுமை பெண்கள் தலையிலும் பலன் பிறர் கையிலும் போய்ச் சேர்வதை அது உலகுக்கு எடுத்துரைத்தது. 1991-ல் அமெரிக்க நாடாளுமன்ற முன்னாள் உறுப்பினர் பெல்லா அப்சுக் முன்னின்று மியாமியில் நடத்திய மகளிர் மாநாடு தனியே ஒரு செயல்திட்டம் வகுத்தது. மறு ஆண்டு ரியோ டி ஜெனிரோ புவி உச்சி மாநாட்டு ஆவணத்தில் பெண்களுக்கென ஓர் அத்தியாயம் இடம்பெற்றதற்கு அந்த முயற்சியே காரணம்.

2000-ல் வகுக்கப்பட்ட புத்தாயிரம் ஆண்டு இலக்குகள் பெண் சமத்துவத்தைப் பள்ளிச் சேர்க்கை அளவில் நிறுத்திக்கொண்டன. நிலம், சொத்து பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் குறையை 2015-ல் பெண்கள் சரிசெய்ய வைத்தனர். ஆனாலும், நில உரிமை பற்றிய பிரிவின் இறுதியில் "தேசியச் சட்டங்களுக்கு இணங்க' என்கிற ஒரு சொற்றொடர் ஒட்டிக்கொண்டது. பொறுப்பு நியூயார்க்கிலிருந்து மீண்டும் அந்தந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

தேசியச் சட்டத்தைப் பொருத்தவரை இந்தியா தலைகுனிய வேண்டியதில்லை. தமிழகம் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. 2004-ல் மத்திய அரசு கொண்டுவந்த இந்து வாரிசுரிமைத் திருத்த மசோதா, விவசாய நிலத்துக்கு விலக்களித்த பழைய பிரிவைத் தொடவில்லை. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் உள்ளிட்டோர் நடத்திய இயக்கத்துக்குப் பிறகே அந்தப் பிரிவு 2005-ல் நீக்கப்பட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றமும் 2020-ல் தெளிவுபடுத்திவிட்டது.

சட்டம் இருக்கிறது, பட்டாவில் பெயர்தான் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடியாளர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். அவர்கள் வசமுள்ள பரப்பு 12 சதவீதத்துக்கும் குறைவு. கிராமப்புறங்களில் வேலை செய்யும் பெண்களில் நான்கில் மூவர் விவசாயத்தில் இருக்கும் நாட்டின் நிலை இது. நாற்று நடுவதும் களையெடுப்பதும் அறுப்பதும் பெண். விவசாயி என்ற பெயர் மட்டும் ஆணுக்கு.

இது வெறும் பெயர்ப் பிரச்னை அல்ல. 2019-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் விவசாயி உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000 நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கே கிடைக்கிறது. பயிர்க் கடன் கேட்டாலும் நில ஆவணத்தைத்தான் வங்கி முதலில் கேட்கிறது. கணவர் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட, தனியே சாகுபடி பார்க்கும் பெண் அரசின் கண்ணுக்கு விவசாயியே அல்ல.

இதைச் சரிசெய்ய ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்ததுண்டு. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன், பெண் விவசாயிகள் உரிமை மசோதாவை 2012-ல் தனிநபர் மசோதாவாக அறிமுகப்படுத்தினார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், சாகுபடி செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்ற சான்றிதழ் தர வேண்டும் என்பது அதன் சாரம். 2013-ல் அவரது பதவிக்காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பதால் இதில் வியப்பில்லை. அரசு அதைத் தன் மசோதாவாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வருத்தம்.

பெண்களுக்குப் பங்கு பிரித்தால் நிலம் துண்டாகிவிடும் என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. நான்கு மகன்கள் பங்கு பிரிக்கும்போது துண்டாகாத நிலம், ஒரு மகள் கேட்கும்போது மட்டும் துண்டாகிவிடுமா? பெண்களே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். ராஜஸ்தானில் "ஹக் தியாக்' என்ற பெயரிலும், தமிழகத்தில் விடுதலைப் பத்திரம் என்ற பெயரிலும் சகோதரிகள் கையெழுத்திடுகிறார்கள் என்பது உண்மையே. பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் இடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று எப்படிக் கொள்ள முடியும்?

நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி தருகிறது. வாரிசுப் பெயர் மாற்றத்தின்போது மகள்களின் பெயரும் தாமாகவே சேர வேண்டும் என்று அந்த நிதியுடன் ஒரு நிபந்தனையை இணைக்கலாம். அரசு வழங்கும் நிலத்துக்குக் கணவன் - மனைவி கூட்டுப் பட்டா என்பதை ஆறாவது ஐந்தாண்டுத் திட்டமே வலியுறுத்தியது, அதைக் கட்டாயமாக்கலாம். சுவாமிநாதனின் மசோதாவைத் தூசி தட்டி, அரசு மசோதாவாகக் கொண்டுவரலாம்.

2024 தேர்தலில் மக்களவையின் 543 இடங்களில் 74 இடங்களுக்கே பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இதுவும் ஏறத்தாழ 14 சதவீதம்தான். வயலிலும் அவையிலும் பெண்ணின் பங்கு ஒரே அளவில் நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், அவையில் குரல் குறைவாக இருக்கும் வரை வயலின் கணக்கு மாறாது என்பதை மறுப்பதற்கில்லை. மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கு 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகு என்று தள்ளி வைத்தது. பட்டாவில் பெயர் சேர்க்க அப்படி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீடித்த வளர்ச்சி இலக்குகளில் கண்ட முன்னேற்றத்தை ஐ.நா.விடம் இந்தியா 2017-லும் 2020-லும் அறிக்கையாக அளித்தது. 2030-ல் இறுதிக் கணக்குக் கேட்கப்படும்போது அறிக்கையின் அழகு கைகொடுக்காது. தாலுகா அலுவலகப் பதிவேட்டில் எத்தனை பெண்களின் பெயர் ஏறியது என்பதே விடையாக இருக்கும்.