இளையோர் கலையரங்கம்: நான்கு குரல்கள் போதும்



சில பிள்ளைகள் யாரும் கற்பிக்காத மெட்டுகளை வாய்க்குள் முணுமுணுத்த வண்ணம் இருப்பார்கள். அது திரைப்பாடலும் அன்று, ஆலயப் பாடலும் அன்று. அவர்களுடைய சொந்தச் சரக்கு. அத்தகைய பிள்ளையைப் பெற்றவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கையில் பணம் இருந்தால் கீபோர்டு வகுப்பில் சேர்க்கிறார்கள். இல்லையெனில், "காலம் வரட்டும், பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுகிறார்கள். வகுப்பில் பிறர் இயற்றியதை வாசிக்கும் பயிற்சி கிடைக்கிறது; அது நன்றே. ஆயினும், தன் மெட்டைத் தானே கட்டியெழுப்பும் பயிற்சி அங்கே அரிதாகவே வாய்க்கிறது. ஒத்திப்போட்ட வீட்டிலோ, அந்த முணுமுணுப்பு நாளடைவில் தானாகவே ஓய்ந்துபோகிறது. இவ்விரு வீட்டாருக்கும் பயன்படக்கூடிய ஒரு வழியை இத்திங்கள் கூற விழைகிறேன். அது வீடியோ விளையாட்டுகளிலிருந்து வந்த வழி என்றால் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் 'ஃபாமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கருவி ஒரே வேளையில் எழுப்பக்கூடிய குரல்கள் மிகச் சில. சதுர அலைக் குரல் இரண்டு, முக்கோண அலைக் குரல் ஒன்று, இரைச்சல் ஒன்று. பதிவு செய்த சிறு ஓசைத் துணுக்குகளை ஒலிக்க ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது; அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அலைகளின் பெயரைக் கண்டு மருள வேண்டா. சதுர அலை என்பது சற்றே மூக்கால் பாடுவது போன்ற கூரிய ஓசை. மெட்டை எடுத்துச் செல்ல அது ஏற்றது. முக்கோண அலை மென்மையானது, அடிக்குரலுக்குப் பொருந்துவது. ஃபாமிலி கம்ப்யூட்டரில் அம்முக்கோணக் குரலைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒலிக்கும் அல்லது ஓயும், அவ்வளவே. இரைச்சல் என்பது வானொலியில் நிலையம் அகப்படாதபோது எழும் 'உஸ்' என்னும் ஓசை. அதையே இமைப்பொழுது நீளத்திற்கு நறுக்கி வைத்தால் மேளம் கிடைத்துவிடுகிறது! ஆக, மெட்டுக்கு ஒரு குரல், துணைக்கு ஒரு குரல், அடிக்கு ஒரு குரல், தாளத்திற்கு ஓர் இரைச்சல். நான்கு குரலில் பாடிப் பழகிய பாடற்குழுவினருக்கு இந்த ஏற்பாடு விளங்காததன்று.

ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கோஜி கோண்டோ என்பவர் 1984இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்திற்கு இசையமைத்தவர் அவரே. அந்த ஆட்டம் முழுவதும், அதாவது அதன் விதிகள், சித்திரங்கள், இசை எல்லாம் சேர்ந்து, 40 கிலோபைட் இடத்தில் அடங்கியது. இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, ஆட்டத்தின் நாயகன் குதிக்கும் ஓசைக்கும் தனிக் குரல் கிடையாது. அவன் குதிக்கும்போதெல்லாம் இசையின் சதுர அலைக் குரல்களுள் ஒன்று தன் பாட்டை நிறுத்தி, அந்த ஓசையை எழுப்பிவிட்டுத் திரும்ப வேண்டும். அடிக்குரலும் தாளமும் விடாமல் நடப்பதால், விடுபட்டதைக் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்கிறது. ஒரு குரல் விலகினாலும் சரிந்துவிடாத கட்டுமானம்! 2023ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காத்துப் பேண வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசை அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

குறைந்த குரல்களைக் கொண்டு நிறைந்த ஓசையை உண்டாக்க அக்காலத்தவர் கண்ட உபாயங்களுள் ஒன்று மிகவும் சுவையானது. மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். இருப்பதோ ஒரு குரல். அவர்கள் அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஐம்பது அறுபது முறை மாறும் வேகத்தில் சுழலவிட்டார்கள். காது அதனை மூன்று தனி ஸ்வரங்களாகக் கேளாமல், மினுங்கும் ஒரே கூட்டொலியாகக் கேட்டது. பழைய ஆட்டங்களின் இசையில் நடுங்குவது போன்ற அந்த ஓசையைக் கேட்டிருப்பீர்கள். வறுமையில் பிறந்த அவ்வுபாயத்தை, நூற்றுக்கணக்கான குரல்கள் கைவசமுள்ள இக்காலத்தவரும் அழகு கருதி மேற்கொள்கிறார்கள்.

தொடக்கத்தில் இவ்விசையை எண்களாகவும் குறிகளாகவும் கணிப்பொறிக்குள் எழுதினார்கள். 1987இல் ஜெர்மானியராகிய கார்ஸ்டன் ஓபார்ஸ்கி, அமிகா என்னும் கணிப்பொறிக்கென 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளை வெளியிட்டார். நான்கு குரல்களும் நான்கு பத்திகளாகத் திரையில் நின்று, கணக்குப் பேரேட்டின் வரிகள் போல மேல்நோக்கி நகர்ந்துகொண்டே ஒலிக்கும். 1992இல் வந்த 'மாரியோ பெயின்ட்' சிறுவர்களுக்கு இன்னும் எளிதாக்கிற்று. காளான், பூ, பூனை முதலிய உருவங்களைக் கோடுகளின் மேல் ஒட்டினால் அவையே ஸ்வரங்கள். ஒரே வேளையில் மூன்றுக்கு மேல் ஒட்ட இயலாது. அரை ஸ்வரங்களும் இல்லை. அதற்குள்ளும் பாடல் இயற்றினார்கள். 2004இல் 'கேவ் ஸ்டோரி' என்னும் ஆட்டத்தைத் தனியொருவராக உருவாக்கிய ஜப்பானியர் டைசுகே அமாயாவோ, அதற்கு வேண்டிய இசைமென்பொருளையும் தாமே எழுதிக்கொண்டார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இன்று இவ்வகை மென்பொருள்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. நான் முதலில் பரிந்துரைப்பது 'பீப்பாக்ஸ்' என்பதை. ஜான் நெஸ்கி என்பவர் 2012இல் வெளியிட்டது. இணைய உலாவியில் அப்பெயரைத் தேடித் திறந்தாலே போதும். எதையும் நிறுவ வேண்டியதில்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. கைப்பேசியிலும் இயங்கும், ஆனால் கட்டங்கள் சிறியவை. கணிப்பொறி கிடைக்குமானால் அதுவே உத்தமம்.

திறந்தவுடன் கட்டம் போட்ட ஒரு தாளைப் போன்ற பகுதி தோன்றும். இடமிருந்து வலமாகக் காலம் செல்கிறது. கீழிருந்து மேலாக ஸ்வரம் உயர்கிறது. ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் அங்கே ஒரு ஸ்வரம் அமரும். பக்கவாட்டில் இழுத்தால் நீளும். மீண்டும் சொடுக்கினால் மறையும். வேறிடத்தில், எண்ணிட்ட சிறு பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு குரல். மூன்று வரிசைகள் ஸ்வரத்திற்கு, நான்காவது இரைச்சலுக்கு. பழைய ஜப்பானியக் கருவியின் அதே குடும்பம் என்பதை வாசகர் உடனே கண்டுகொள்வர். பெட்டியிலுள்ள எண் ஓர் இசைத்துண்டின் பெயர். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் இட்டால் அதே துண்டு இருமுறை ஒலிக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்திவிடும். தொடக்கக்காரர் பலரும் தடுமாறும் இடம் இதுவே. மாற்றம் வேண்டுமெனில் புதிய எண்ணில் எழுத வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியது, பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஒரு பாட்டின் முதல் இரண்டு வரிகளைக் காதால் கேட்டுக் கட்டங்களில் வைப்பது. கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒன்று போதும். எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பது அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். அத்தோடு பிறர் பாட்டை மூடிவிடுக. இரண்டாம் நாள் சொந்த மெட்டு.

சொந்த மெட்டுக்கு ஐந்து ஸ்வரங்கள் போதும். நம் இசையில் மோகன ராகத்தின் ச ரி க ப த என்பதும், மேலைநாட்டார் ஐந்து ஸ்வர மேஜர் அளவு என்பதும் அதே ஐந்து ஸ்வரத் தானங்களே. அவற்றுள் அரை ஸ்வர இடைவெளி எங்கும் இல்லாமையால், தற்செயலாக எந்த இரண்டு சேர்ந்து ஒலித்தாலும் காதைக் கடிப்பதில்லை. மென்பொருளில் அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஐந்து ஸ்வர வகையைக் கொண்டால், ஆகாத ஸ்வரங்களின் வரிசைகளே மறைந்துவிடும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்வரத் தானங்கள் ஒன்றாவதால் ராகம் வந்துவிட்டதாக எண்ணலாகாது. கமகம் இன்றி மோகனம் இல்லை. கட்டங்களோ கமகத்தை அறியா. இது மேலைநாட்டுக் கூட்டிசையைப் பழகும் கருவி. கர்நாடக சங்கீதம் பயிலும் பிள்ளை, பாட்டு ஆசிரியரிடம் கற்பதை இதைக்கொண்டு அளந்து பார்க்க வேண்டா.

ஒரு பெட்டிக்கு எட்டு அடிகள் என்று அமைத்துக்கொள்க. ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு இயல்பாக இருக்கும். வேகத்தை நிமிடத்திற்கு நூறு அடிகள் அளவில் வைக்கலாம். முதல் வரிசையில் சதுர அலையைக் கொண்டு ஒரு பெட்டி அளவுக்கு மெட்டு எழுதுக. ச-வில் தொடங்கி, ப-வில் நிற்கட்டும். அது ஒரு வினாவைப் போல் ஒலிக்கும். இரண்டாம் பெட்டியில் அதே நடையில் தொடங்கி ச-வில் முடிக்க, விடை கிடைக்கும். மூன்றாவதில் முதற்பெட்டியின் எண்ணையே திரும்ப இடுக. நான்காவதில் விடையைச் சிறிது மாற்றி எழுதுக. முப்பத்திரண்டு அடிகளில் ஒரு முழு மெட்டு முடிந்தது. அடுத்த வரிசையை முக்கோண அலைக்கு மாற்றி, தாழ்ந்த ஸ்தாயியில் பெட்டிக்கு இரண்டே ஸ்வரங்கள்: முதல் நான்கு அடிக்கு ச, பின் நான்கு அடிக்கு ப. இரைச்சல் வரிசையில் ஒன்றாம் அடியிலும் ஐந்தாம் அடியிலும் ஒவ்வொரு புள்ளி. ஒலிக்கச் செய்து கேளுங்கள். முதல் வரிசை மட்டும் ஒலித்தபோது எலும்பாக நின்ற மெட்டு, அடிக்குரல் சேர்ந்தவுடன் எழுந்து நடப்பதைப் பிள்ளை தானே கேட்கும். அந்த ஒரு கணத்திற்காகவே இத்தனையும் சொல்கிறேன்.

பெரிய மென்பொருளும் ஆயிரம் வாத்தியங்களும் கையிலிருந்தால் பிள்ளை வாத்தியம் மாற்றிக் கேட்பதிலேயே மாலைப்பொழுதைக் கழித்துவிடும். மெட்டு நான்காம் அடியைத் தாண்டாது. குரல்கள் நான்கே எனில், அடுத்த ஸ்வரம் எது என்பதைத் தவிர எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லை. ஆகவே, ஒரு மெட்டை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்குவதில்லை என்ற ஒரே கட்டுப்பாட்டை மட்டும் பெற்றோர் விதித்தால் போதும். மெட்டு நன்றாயில்லாவிட்டாலும் முடியட்டும்.

பாட்டைக் காப்பது குறித்து ஒரு சொல். இம்மென்பொருளில் பாட்டு முழுவதும் திரையின் மேலுள்ள இணைய முகவரிக்குள்ளேயே எழுதப்படுகிறது. பாட்டு வளர வளர முகவரியும் நீளும். அம்முகவரியை நகலெடுத்துத் தமக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியூரிலுள்ள தாத்தாவுக்கு அனுப்பினால், அவர் தம் கைப்பேசியில் திறந்து பேரனின் மெட்டைக் கேட்கலாம். ஒலிக்கோப்பாக மாற்றி எடுக்கவும் வசதியுண்டு. இயற்றிய மெட்டு இயற்றியவருக்கே உரியது. மென்பொருளாளர் உரிமை கோருவதில்லை.

ஹெட்போன் இன்றி, கூடத்தில் எல்லோரும் கேட்க இயற்றுவதே சிறந்தது என்பது என் எண்ணம். ஆனால் சதுர அலையின் ஓசை அரைமணி நேரத்திற்கு மேல் என் காதுக்கு ஒத்துவருவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியிருந்தால் அந்த அரைமணியையே கால எல்லையாக வைத்துக்கொள்ளலாம். சில திங்கள் பழகியபின் அயர்லாந்துக்காரராகிய டெர்ரி கேவனாவின் 'போஸ்கா கியோல்', பழைய நின்டெண்டோக் கருவியின் குரல்களையே தரும் 'ஃபாமிடிராக்கர்' ஆகியவற்றையும் நாடலாம். இரண்டும் விலையில்லாதவை. முன்னதன் பெயருக்கு ஐரிஷ் மொழியில் இசைப்பெட்டி என்று பொருள்.

மேலே நான்கு வரிசைகளில் ஒன்றை மட்டும் நிரப்பாமல் விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெட்டோடு மோதாமல் அதற்குத் துணை நிற்கும் குரலை எழுதுவதே இதில் கடினமான பகுதி. அதை அடுத்த இதழில் காண்போம். அதுவரை அந்த வரிசை காலியாகவே இருக்கட்டும்.